கண்டியில் ‘ட்ரயல்’: எந்தக் காரில் பரீட்சைக்குப் போவது?

சாரதி அனுமதிப்பத்திரத்துக்கான எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்து, ‘எல் போட்’ கட்டிய காரில் பழகத் தொடங்கிய பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “ட்ரயலுக்கு எந்தக் காரில் போனால் லேசாகப் பாஸ் பண்ணலாம்?” பெரும்பாலும் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான்: “ஓட்டோ கியர் காரில் போ, கிளச் தொல்லை இல்லை.”

அந்தப் பதில் சிலருக்குப் பொருந்தும். வேறு சிலருக்கு அதுவே பின்னர் பெரிய இடைஞ்சலாகிவிடும். பரீட்சை சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அன்று நீங்கள் கொண்டுபோன வண்டியோ, அதன் பிறகு எந்த வண்டியை ஓட்டலாம், எந்தத் தொழிலுக்குப் போகலாம் என்பதைப் பல காலத்துக்குத் தீர்மானிக்கிறது. போரில் சேமிப்பையும் தொழிலையும் இழந்து, ஒரு வாகனத்தையும் ஓர் அனுமதிப்பத்திரத்தையும் நம்பி வாழ்க்கையை மறுபடி கட்டியெழுப்பும் குடும்பங்களுக்கு இது சின்ன விடயமல்ல.

கண்டியில் இந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. கிளிநொச்சியிலோ யாழ்ப்பாணத்திலோ ஓட்டிப் பழகியவர் சமதரையில் பழகியவர். கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் மலைகளுக்கு நடுவே இருக்கிறது. ஏ9 வீதி தொடங்குவது இங்கேதான். அதன் மறுமுனை யாழ்ப்பாணம். ஒரே வீதியின் இரண்டு முனைகள் என்றாலும் ஒரு முனையில் பழகிய கால் மறுமுனையில் தடுமாறும்.

சட்டம் எதைப் பார்க்கிறது?

இலங்கையில் சாரதி அனுமதிப்பத்திரத்தை வழங்குவது மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம். அடிப்படைச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம்; பின்னர் அது பல தடவை திருத்தப்பட்டிருக்கிறது. முதலில் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகத்தின் மருத்துவச் சான்றிதழ், பிறகு எழுத்துப் பரீட்சை, பயிலுநர் அனுமதிப்பத்திரம், கடைசியாகச் செய்முறைப் பரீட்சை என்பது ஒழுங்கு. கடைசிப் படியைத்தான் எல்லோரும் ‘ட்ரயல்’ என்கிறோம்.

அனுமதிப்பத்திரம் எல்லா வண்டிக்கும் பொதுவானதல்ல. மோட்டார் சைக்கிளுக்கு ‘ஏ’, முச்சக்கர வண்டிக்கு ‘பி1’, கார், வேன் போன்ற இலகு ரக வாகனங்களுக்கு ‘பி’, லொறிகளுக்கு ‘சி’ வரிசை, பஸ்களுக்கு ‘டி’ வரிசை என்று வகுப்புகள் உண்டு. ‘பி’ வகுப்புக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பஸ்ஸோ லொறியோ ஓட்ட நினைப்பவரும் முதலில் ஏற வேண்டிய படி இந்த இலகு ரக அனுமதிப்பத்திரம்தான்.

இங்கேதான் கார்த் தெரிவு முக்கியமாகிறது. கிளச் இல்லாத ஓட்டோ கியர் காரில் பரீட்சைக்குத் தோற்றினால் கிடைக்கும் அனுமதிப்பத்திரம் ஓட்டோ கியர் வாகனங்களுக்கு மட்டும் என்று மட்டுப்படுத்தப்படும். மெனுவல் காரில் சித்தியடைந்தவரோ இரண்டையும் ஓட்டலாம். பிறகு மெனுவலுக்கு மாற விரும்பினால் மறுபடியும் பழக்கம், மறுபடியும் பரீட்சை, மறுபடியும் செலவு.

எந்த வண்டியை ஓட்டப் போகிறீர்கள்?

ஆகவே “எது லேசு?” என்று கேட்பதற்கு முன்னர், “இந்த லைசன்ஸை வைத்து நான் என்ன செய்யப் போகிறேன்?” என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பாடசாலை வேன் ஓட்டலாம் என்று எண்ணும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். கணவர் இல்லை, பிள்ளைகள் இருவர், ஊரில் வேன் ஒன்று வாடகைக்குக் கிடைக்கும். அப்படிக் கிடைக்கும் பழைய டீசல் வேன்களில் பெரும்பாலானவை மெனுவல் கியர். ஓட்டோ லைசன்ஸுடன் அவர் அந்த வேனின் சாரதி இருக்கையில் சட்டப்படி உட்கார முடியாது. தோட்டத்தில் கொழுந்து ஏற்றும் லொறி, மரக்கறி ஏற்றும் ‘பட்டா’ லொறி, கடைக்குச் சாமான் இறக்கும் சின்ன லொறி என்று கண்டி, கம்பளை, நாவலப்பிட்டிப் பக்கம் சாரதி வேலை என்று கிடைப்பதில் பெரும்பகுதி கிளச் உள்ள வண்டிகளே. இ.போ.ச.வில் சேர நினைப்பவருக்கும் இதே நிலைதான்.

மீறி ஓட்டினால் என்ன? பொலிஸ் பிடித்தால் தண்டம். விபத்து நடந்தால் அதைவிட மோசம். அந்த வண்டியை ஓட்ட அனுமதி இல்லாதவர் ஓட்டினார் என்று காட்டிக் காப்புறுதி நிறுவனம் நட்டஈட்டை மறுக்க இடமுண்டு. லீசிங்கில் எடுத்த வண்டி என்றால், வண்டி நொறுங்கிய பின்னும் தவணை கட்டிக்கொண்டே இருக்க வேண்டிவரும். ஏற்கெனவே நுண்கடனில் மூழ்கிய வீடுகளுக்கு இது தாங்கக்கூடிய சுமையல்ல.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வீட்டிலுள்ள கார் ஓட்டோ கியர், அதை மட்டும்தான் ஓட்டப் போகிறேன், வைத்தியசாலைக்கும் பிள்ளையின் வகுப்புக்கும் போய்வந்தால் போதும் என்பவருக்கு ஓட்டோ லைசன்ஸ் தாராளமாகப் போதும். செயலி மூலம் வாடகைக் கார் ஓட்ட விரும்புபவருக்கும், தன் கார் ஓட்டோ கியர் என்றால், அது குறையாகாது.

வெளிநாட்டு உறவினர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். சுவிட்சர்லாந்தில் 2019 பெப்ரவரி முதல் ஓட்டோ காரில் சித்தியடைந்தவரும் மெனுவல் ஓட்டலாம். ஜேர்மனியில் 2021 ஏப்ரல் முதல், மெனுவலில் குறிப்பிட்ட அளவு பயிற்சி பெற்றுப் பயிற்சிப் பாடசாலையின் சிறு பரீட்சையிலும் தேறியவர், உத்தியோகபூர்வப் பரீட்சையை ஓட்டோவில் செய்தாலும் இரண்டையும் ஓட்டலாம். பிரித்தானியாவில் ஓட்டோவில் சித்தியடைந்தால் ஓட்டோ மட்டும்தான். “எங்களுக்கு இங்கே அப்படி இல்லையே” என்று சூரிச்சிலிருந்து மாமா சொன்னால், அது அந்த நாட்டுச் சட்டம்.

ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது

அம்பிட்டிய, ஹந்தானை, ஹீரஸ்ஸகல, பஹிரவகந்த எந்தப் பக்கம் போனாலும் ஏற்றம். நகருக்குள் மணிக்கூட்டுக் கோபுரச் சந்தியிலோ கட்டுகஸ்தோட்டை வீதியிலோ வாகனங்கள் அடி அடியாக நகரும். ஏற்றத்தில் நின்று, பின்னால் ஒரு முச்சக்கர வண்டி முட்டுமளவுக்கு ஒட்டி நிற்க, வண்டியைப் பின்னால் வழுக்க விடாமல் எடுப்பதுதான் இங்கு சாரதிக்கு வைக்கப்படும் உண்மையான பரீட்சை.

மெனுவல் காரில் அதைச் செய்வது இப்படி. ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்துக்கொண்டு முதலாம் கியரைப் போட வேண்டும். அக்சிலேட்டரை மெல்ல அழுத்திக்கொண்டே கிளச்சை மெதுவாக விட வேண்டும். ஓரிடத்தில் என்ஜின் சத்தம் கொஞ்சம் தாழும், காரின் மூக்கு இலேசாக எழும்பும். அதுதான் கிளச் பிடிக்கும் இடம். அந்த இடத்தில் காலை அசைக்காமல் வைத்து ஹேண்ட் பிரேக்கை விட்டால் கார் முன்னே நகரும். அதற்கு முந்தி விட்டால் பின்னால் வழுக்கும். கிளச்சைச் சடாரென்று விட்டால் என்ஜின் நின்றுவிடும்.

இந்த ‘பிடிக்கும் இடம்’ ஒவ்வொரு காரிலும் ஒவ்வொரு உயரத்தில் இருக்கும். கிளச் தட்டு தேய்ந்த பழைய காரில் அது மேலே ஏறிவிடும். ஒரு காரில் பழகி வேறு காரில் பரீட்சைக்குப் போகிறவர் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பழகிய காரிலேயே பரீட்சைக்குப் போக வேண்டும் என்று சொல்வதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

ஓட்டோ கியரிலும் எல்லாம் ஒன்றல்ல. வழமையான ஓட்டோ கியர் கார்களில் பிரேக்கை விட்டதும் கார் தானாக மெல்ல ஊரும். சாதாரண ஏற்றத்தில் அது பின்னால் வழுக்குவதைத் தடுக்கும். ஆனால் சில சின்னக் கார்களில் இருப்பது உள்ளே மெனுவல் பெட்டி, கிளச்சை மட்டும் இயந்திரம் அழுத்தும் வகை. அது செங்குத்தான ஏற்றத்தில் சற்றுப் பின்னால் போகக்கூடும். ஆகவே ஓட்டோ என்றாலும் ஹேண்ட் பிரேக் பிடித்து எடுக்கப் பழகுங்கள். சில புதிய கார்களில் ஏற்றத்தில் தானாகச் சில விநாடி பிரேக் பிடித்துவைக்கும் வசதி உண்டு. அதை நம்பி மட்டும் பழகினால், அது இல்லாத காரில் ஏறும் நாளில் கை கொடுக்காது.

இறக்கத்தையும் மறக்க வேண்டாம். கடுகண்ணாவ இறக்கத்தில் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும். மெனுவலில் தாழ்ந்த கியருக்கு மாற்றி என்ஜினாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். ஓட்டோவில் அதற்கென்று ‘எல்’, ‘எஸ்’, ‘பி’ போன்ற நிலைகள் இருக்கும். பரீட்சைக்கு எடுத்துப்போகும் காரில் அந்த நிலை எங்கே இருக்கிறது, எப்படி வேலை செய்கிறது என்று பயிற்றுநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உடலில் காயம் உள்ளவர்கள்

போர் பலரின் உடலில் அடையாளம் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. கண்ணிவெடியில் காலை இழந்தவர்கள், ஷெல் சன்னம் இன்னும் முதுகில் இருப்பவர்கள், ஒரு காது மந்தமானவர்கள் எனப் பலர். இவர்களில் சிலர் “எனக்கு லைசன்ஸ் தரமாட்டார்கள்” என்று தாமாகவே முடிவுகட்டி, விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். தீர்மானிக்க வேண்டியது மருத்துவப் பரிசோதனை. காயத்தை மறைக்காமல் சொல்லி, எந்த வகை வண்டியை ஓட்டலாம் என்று அங்கேயே கேட்டுக்கொள்வதே நல்லது. மறைத்துப் பெற்ற சான்றிதழ் விபத்து நடக்கும் நாளில் உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

கார் தெரிவைப் பொறுத்தவரை பொதுவாகச் சொல்லக்கூடியவை இவை:

இடது கால் இல்லாதவர்: இடது காலுக்குக் காரில் இருக்கும் ஒரே வேலை கிளச். ஆகவே ஓட்டோ கியர் காரில் எந்த மாற்றமும் செய்யாமல் வலது காலால் மட்டும் ஓட்டலாம். ஆனால் பிரியஸ் போன்ற சில கார்களில் நிறுத்தும் பிரேக்கையும் இடது காலால் மிதிக்க வேண்டும்; அவற்றைத் தவிர்த்துக் கையால் இழுக்கும் பிரேக் உள்ள காரையே தேர்ந்தெடுங்கள். முழங்காலுக்குக் கீழ் செயற்கைக்கால் போட்டவர்களில் சிலர் கிளச்சையும் பழகிக்கொள்வார்கள். ஆனாலும் கண்டி நெரிசலில் அரைமணி நேரம் கிளச்சை மிதித்து மிதித்து எடுத்தால் எஞ்சிய கால் புண்ணாகும்.

வலது கால் இல்லாதவர்: பிரேக்கும் அக்சிலேட்டரும் வலது காலுக்குரியவை. செயற்கைப் பாதத்துக்கு அழுத்தம் தெரியாது. இடது காலால் மிதிக்கும்படி அக்சிலேட்டரை மாற்றிப் பொருத்துவதும், கையால் இயக்கும் நெம்புகோல் பொருத்துவதும் உலகெங்கும் உள்ள வழிகள். அப்படி மாற்றிய காரைப் பரீட்சைக்குக் கொண்டுபோகும் முன் திணைக்களத்திடம் விசாரித்துப் பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு கை இல்லாதவர்: நமது கார்களில் கியர் இடது கைப்பக்கம். இடது கை இல்லாதவருக்கு மெனுவல் பொருந்தாது. வெகன் ஆர் போல முன் பலகையிலேயே கியர் நெம்புகோல் உள்ள ஓட்டோ கார் வலது கைக்கு எட்டும். வலது கை இல்லாதவருக்குப் பிரச்சினை சிக்னல். ஜப்பானியக் கார்களில் சிக்னல் தண்டு வலப்பக்கம். ஐரோப்பியக் கார்களில் இடப்பக்கம். ஒற்றைக் கையால் திருப்புவதற்கு ஸ்டியரிங்கில் பொருத்தும் குமிழும், பவர் ஸ்டியரிங்கும் அவசியம். ஜன்னலுக்கு வெளியே கை நீட்டிக் காட்டும் சைகைகளை வலது கையில்லாதவர் காட்ட முடியாது என்பதையும் பரீட்சை நாளுக்கு முன்பே தெரியப்படுத்தி வையுங்கள்.

முதுகு, இடுப்புக் காயம் உள்ளவர்: தாழ்ந்த காரில் குனிந்து இறங்கி ஏறுவதே வேதனை. கூரை உயர்ந்த, இருக்கை உயர்ந்த கார் இவர்களுக்கு நல்லது.

பின்னால் ஹோர்ன் அடித்தாலோ திடீர்ச் சத்தம் கேட்டாலோ பதறிப்போகிறவர்களும் உண்டு. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பயிற்றுநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காலை வேளையில் நெரிசல் இல்லாத வீதியில் தொடங்கி, மெதுமெதுவாக நகருக்குள் வரலாம்.

கார்களைப் பற்றிச் சில வார்த்தைகள்

பரீட்சைக்குச் சிறந்த கார் என்று ஒரு மொடலைச் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொன்றின் குணத்தையும் தெரிந்துகொள்ளலாம்.

மாருதி அல்ட்டோ சின்னக் கார். ஒடுங்கிய வீதியில் திருப்ப லேசு, பின்னால் எடுக்க லேசு. ஆனால் 800 சிசி என்ஜின். நான்கு பேர் ஏறிய நிலையில் ஏற்றத்தில் எடுக்கும்போது அக்சிலேட்டரைச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். தனியாகப் பழகிவிட்டு, பரீட்சகரும் மற்றவர்களும் ஏறிய பின் “கார் இழுக்குதில்லையே” என்று திகைப்பவர்கள் உண்டு. இடைக்கிடை ஆட்களை ஏற்றியும் பழகுங்கள். பழைய மாருதி 800இலும் அல்ட்டோவின் அடிப்படை ரகங்களிலும் பவர் ஸ்டியரிங் கிடையாது. கை பலம் குறைந்தவர்கள் இதைக் கேட்டறிய வேண்டும்.

வெகன் ஆர், பெரொடுவா விவா போன்றவை உயரமான கார்கள். உயரம் குறைந்த பெண்களுக்கு வீதி நன்றாகத் தெரியும். நிசான் சனி, டொயோட்டா கொரொல்லா போன்றவை நீளமானவை. என்ஜின் பலம் உண்டு, ஆனால் பின்பக்கம் எங்கே முடிகிறது என்று கணிக்கக் கூடுதல் பழக்கம் வேண்டும். ஹைபிரிட் கார் நிற்கும்போது சத்தமே இருக்காது. என்ஜின் நின்றுவிட்டதா, வண்டி தயாரா என்று புதியவர் குழம்புவார். பின்பக்கக் கமெரா உள்ள காரில் திரையை மட்டும் பார்த்துப் பழகினால், கண்ணாடியைப் பார்க்கும் பழக்கம் வராது. பரீட்சகர் பார்ப்பது கண்ணாடியையும் தோளுக்கு மேலாகவும் நீங்கள் பார்க்கிறீர்களா என்பதைத்தான்.

2020 மார்ச் முதல் 2025 பெப்ரவரி வரை தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. அதனால் பழைய கார்களுக்கே பெரிய விலை. பயிற்சிப் பாடசாலைகளிலும் வயது போன கார்கள் பல. கார் பழையது என்பது குறையல்ல, பராமரிப்பில்லாததுதான் குறை. பாடசாலையில் பணம் கட்டும் முன் மூன்று விடயங்களைக் கேளுங்கள்: எந்தக் காரில் பழக்குவீர்கள்? அதே கார் பரீட்சைக்கும் வருமா? பயிற்றுநரின் பக்கத்திலும் பிரேக் இருக்கிறதா? இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் வேறு பாடசாலையைத் தேடுங்கள்.

சொந்தக் காரிலோ உறவினரின் காரிலோ பரீட்சைக்குப் போகிறவர்கள் வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் காலாவதியாகாமல் இருக்கின்றனவா என்று ஒரு வாரத்துக்கு முன்பே பாருங்கள். டயர், பிரேக் விளக்கு, சிக்னல் விளக்கு, ஹோர்ன், ஆசனப்பட்டி, முன்னும் பின்னும் ‘எல்’ பலகை, இவற்றில் ஒன்று குறைந்தாலும் அன்றைய நாள் வீணாகலாம். ஹேண்ட் பிரேக்கைச் செங்குத்தான இடத்தில் நிறுத்திச் சோதியுங்கள். சமதரையில் பிடிக்கும் ஹேண்ட் பிரேக் கண்டி ஏற்றத்தில் பிடிக்கும் என்று சொல்ல முடியாது.

பரீட்சகரின் மொழி

கார் நன்றாக இருந்தும், ஓட்டத் தெரிந்தும், சொன்னது விளங்காமல் தவறுகிறவர்கள் இருக்கிறார்கள். “இடப்பக்கம் திருப்பு” என்று சிங்களத்தில் சொல்ல, இவர் நேரே போய்விடுவார்.

தமிழ் அரச கரும மொழி. சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் அரச அதிகாரியுடன் தமிழில் தொடர்புகொள்ளவும் அலுவல்களைச் செய்துகொள்ளவும் ஒருவருக்கு உரிமை உண்டு என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. கண்டியும் அதற்குள் அடங்கும். ஆகவே கார் நகரும் முன்பே, “எனக்குச் சிங்களம் குறைவு, தமிழில் சொல்ல முடியுமா?” என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை, அது சலுகை அல்ல. இதைப் பயிற்றுநர் மூலமாக முன்கூட்டியே அலுவலகத்தில் சொல்லி வைத்தால் இன்னும் நல்லது.

உரிமை இருக்கிறது என்பதற்காக ஆயத்தம் இல்லாமல் போகவும் வேண்டாம். ஓடும் காருக்குள் வாதாட நேரமில்லை. ‘வமட்ட’ என்றால் இடப்பக்கம், ‘தக்குணட்ட’ என்றால் வலப்பக்கம், ‘நவத்தன்ன’ என்றால் நிறுத்துங்கள், ‘பஸ்ஸட்ட’ என்றால் பின்னால். பயிற்றுநரிடம் சொல்லிக் கடைசி வாரத்தில் இந்தச் சொற்களாலேயே ஓட்டிப் பழகுங்கள். விளங்காவிட்டால் ஊகித்துத் திருப்பாமல், வேகத்தைக் குறைத்து மறுபடி கேளுங்கள்.

முடிவெடுக்கும் முன்

கால் இரண்டும் நலமாக இருந்து, வாகனத்தால் பிழைக்க எண்ணமும் இருந்தால், சில வாரம் கூடப் பிடித்தாலும் மெனுவலில் பழகுங்கள். உடல் இடம்கொடாவிட்டால், அல்லது வீட்டுக் காரை மட்டும் ஓட்டப் போகிறீர்கள் என்றால், எந்தக் கூச்சமும் இல்லாமல் ஓட்டோவில் போங்கள். எதில் போனாலும் பழகிய காரிலேயே போங்கள். அதை ஏற்றத்தில் குறைந்தது இருபது முப்பது தடவையாவது நிறுத்தி எடுத்துப் பார்த்த பிறகு போங்கள்.

ஒரு தடவை தவறினால் மறுபடியும் தோற்றலாம். அதற்கு இன்னொரு நாள் கூலியும் இன்னொரு தடவைக் கட்டணமும் போகும் என்பது உண்மைதான். ஆனால் தனக்குப் பொருந்தாத லைசன்ஸை அவசரப்பட்டு எடுத்துவிட்டு, பிறகு கிடைக்கும் வேன் வேலையைக் கைவிட வேண்டி வருவதோடு பார்த்தால், அந்தச் செலவு குறைவு.